பெலவேந்திரர் பந்தியும் சூசையப்பர் தேரும்

புதுச்சேரியில் ஒரு புனிதர் கோயில் விருந்துக்கு யார் யாரை அழைத்தார்கள், யாருக்கு எங்கே சமைத்தார்கள், யார் முகம் சுளித்தார்கள் என்று விலாவாரியாக எழுதிவைத்தவர் கிறித்தவரே இல்லை. வைணவரான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த கதையும் சரக்கு விலையும் கவர்னர் வீட்டு வம்பும் கலந்துகிடக்கும். அதற்கு நடுவில் 1745ஆம் வருஷத்து உழவர்கரை விருந்தும் வருகிறது.

விருந்து வைத்தவர் கனகராய முதலியார். பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். ஊரில் கனகராயர், பிரெஞ்சுக்காரர் காகிதத்தில் பேதுரு. செல்வம், செல்வாக்கு, கவர்னரிடம் நேரே போய்ப் பேசும் உரிமை எல்லாம் இருந்தன. இல்லாமல் போனது ஒரே மகன்தான். வேலவேந்திரன் இளம்வயதிலேயே இறந்துபோனான். அவன் நினைவாக உழவர்கரையில் கோயில் எழுப்பி, அதை அர்ச்சயசிஷ்ட (அர்ச்.) பெலவேந்திரருக்கு ஒப்புக்கொடுத்தார். அந்திரேயா என்று இன்று வேதாகமத்தில் படிக்கிற அப்போஸ்தலரைத்தான் அன்றைய தமிழ்க் கிறித்தவர்கள் பெலவேந்திரர் என்றார்கள். அவருக்குத் திருநாள் நவம்பர் 30. ரெட்டியார்பாளையத்தில் இன்றைக்கும் அந்த அப்போஸ்தலர் பெயரில்தான் கோயில் இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

கோயில் முடிந்ததும் ஊரையே கூப்பிட்டார் முதலியார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி, தட்டார், நெசவாளர், வாணியர் என்று சாதி சாதியாக அழைப்பு போனது. வெள்ளைக்காரரும் வந்தார்கள், கவர்னர் துப்ளேக்சும் மனைவியோடு வந்து சாப்பிட்டுவிட்டு மாலையில்தான் கிளம்பினார். பிராமணருக்குப் பிராமணர் சமைத்தார்கள், வேளாளருக்கு வேளாளர். தோட்டம், சாவடி என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி இடம். வெள்ளைக்காரருக்கு மேசை நாற்காலி. விருந்து ஒன்றுதான், பந்திதான் பல.

இதை எழுதிவிட்டு ஆனந்தரங்கர் சும்மா விடவில்லை. இது தமிழர் முறைப்படியும் இல்லை, வெள்ளைக்காரர் முறைப்படியும் இல்லை, எதிலும் சேராத காரியம் என்ற தோரணையில் ஒரு முணுமுணுப்பு. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே மாளிகையில் ஒரே கவர்னரின் கடைக்கண்ணுக்குக் காத்திருந்தவர்கள். 1746 பிப்ரவரியில் கனகராயர் இறந்தார். அந்த வேலை பின்னால் ஆனந்தரங்கருக்கே வந்துசேர்ந்தது. ஆனாலும் அவர் கவனித்தது சரியான கவனிப்பு. ஐரோப்பியர் வழியாக வந்த ஒரு புனிதருக்குத் தமிழ்நாட்டுப் பந்தி போட்டால் என்ன ஆகும் என்பதை அவர் கண்முன்னே பார்த்துவிட்டார்.

நான் முதலியார்பேட்டைக்காரன். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்குப் புனிதர் வரலாறு சொல்லும்போது பிறந்தது, தவம் செய்தது, புதுமை செய்தது, வேதசாட்சியாய் இறந்தது என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. புனிதர் செத்தபிறகு அவர் திருநாளுக்கு என்ன கதி ஆனது, அதுதான் ஊர் வரலாறு. எந்தத் திருநாளைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இரண்டு: யார் செலவு? யார் எந்த இடத்தில் நின்றார்கள்?

இரண்டாவது கேள்விக்கு அதே 1745இலேயே ஒரு பதில் கிடைக்கிறது. அதுவும் ஆனந்தரங்கர் தயவுதான். சேசு சபைச் சாமியார்களின் சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறித்தவர். மறுபக்கம் மற்றச் சாதிக் கிறித்தவரும் வெள்ளைக்காரரும் கலப்பினத்தாரும். பீடம் ஒன்று, பூசை ஒன்று, நடுவில் சுவர். காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் அதைப் பார்த்து அதிர்ந்துபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் துணிந்து பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிபட்டது. உடனே மேல்சாதிக் கிறித்தவர் கொதித்தார்கள். அவர்களுக்குத் தலைமை வேறு யாருமில்லை, பெலவேந்திரர் கோயில் கட்டிய அதே கனகராய முதலியார். ஊரையெல்லாம் கூட்டிச் சோறு போட்ட கைக்கு ஒரு சுவர் போனது பொறுக்கவில்லை. சாதிக்கொரு பந்தி போட்டவர் சாதிக்கொரு பக்கம் கேட்டதில் முரண் எதுவும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கு முன்கதை ரோமாபுரி வரைக்கும் போகிறது. 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகச் சீனாவுக்குப் போகும் வழியில் மயிலார் து தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் இறங்கினார். உடம்பு சரியில்லை. எட்டு மாதம் ஊரைவிட்டு அசையவில்லை. சேசு சபையார் தமிழ்க் கிறித்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று இங்கிருந்தபடியே விசாரித்து, 1704 ஜூன் 23இல் ஒரு கட்டளை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு சுற்றக் கூடாது. கிறித்தவ வாத்தியக்காரர் இந்துக் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போகக் கூடாது. நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குச் சாமியார் போகாமல் இருக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் வைக்கிற பெயர் ரோமாபுரியின் வேதசாட்சிகள் பட்டியலில் இருக்கிற புனிதர் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வாத்தியக்காரர் தடை எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். மேளம் வாசிக்கிறவன் வயிறு பட்டியல் பார்த்தா பசிக்கும்? இன்றைக்கும் இங்கே மாரியம்மன் வீதியுலாவுக்கும் மாதா தேருக்கும் ஒரே பேண்டு செட்டுதான் வருகிறது. பெயர் விஷயத்தில் மட்டும் கட்டளை ஜெயித்தது, அதுவும் எங்கள் வழியில் ஜெயித்தது. பட்டியலில் இருந்த பெயரை வாங்கிக்கொண்டு நாங்கள் அதைத் தமிழாக்கிவிட்டோம். இராயப்பன், சின்னப்பன், சூசை, சவரிமுத்து, சந்தியாகு, ஞானப்பிரகாசம், மிக்கேல், செபஸ்தியான், ஆரோக்கியநாதன். இவற்றில் எதையாவது ரோமாபுரிக்காரர் ஒருவரிடம் சொல்லிப்பாருங்கள், பாதி விளங்காது.

வழக்கு ரோமில் நாற்பது வருஷம் இழுத்தது. 1744 செப்டம்பரில் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒரே கோயிலில் ஒரே நேரத்தில் பூசை காண வேண்டும் என்பதும் அதில் உண்டு. சம்பா கோயில் சுவர்ச் சண்டை அதற்கு மறுவருஷம். அந்தக் கோயிலும் இப்போது இல்லை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்தபோது அதுவும் போனது. இன்று மிஷன் வீதியில் நிற்பது 1791இல் கட்டி முடித்தது.

இடிபட்டது என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சம்பா கோயிலை ஒட்டி இருந்த வேதபுரீசுவரர் கோயிலை 1748இல், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, துப்ளேக்சு இடிக்க வைத்தார். சாமியார்களுக்கு நெடுநாள் ஆசை அது. அந்த நாளைப் பற்றி ஆனந்தரங்கர் எழுதிய பக்கங்களைக் கிறித்தவர்கள்தான் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். புனிதர் வரலாற்றில் நாம் வேதசாட்சிகளையே எண்ணிப் பழகிவிட்டோம். நம் ஆட்கள் இடித்ததை எண்ணுவதில்லை.

சரி, செலவு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். புதுச்சேரியில் சில பெரிய திருநாள்களுக்குச் செலவு செய்தது அரசாங்கம். இன்றைய பாரதி பூங்காவைச் சுற்றியுள்ள இடத்தில் கவர்னர் பிரான்சுவா மர்த்தேன் கட்டிய கோட்டைக்கு லூயி கோட்டை என்று பெயர். 1706 ஆகஸ்ட் 25 அன்று அதை மந்திரித்துத் திறந்தார்கள். நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 25 அர்ச். லூயி திருநாள். 1270இல் துனிசில் சிலுவைப் போருக்குப் போன இடத்தில் நோயில் செத்த பிரெஞ்சு ராஜா 9ஆம் லூயி, 1297இல் புனிதர் பட்டம் பெற்றவர். அன்றைக்குப் பாரிசில் ஆண்டுகொண்டிருந்தவர் 14ஆம் லூயி. ஆக, புனிதர் திருநாளும் ராஜாவின் பெயர்த் திருநாளும் ஒன்று. பூசையும் பீரங்கி முழக்கமும் சேர்ந்தே நடக்கும். அந்தப் புனிதர் பெயரில் வெள்ளை நகரத்தில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. கோட்டைதான் ஒரு கல்லும் மிஞ்சாமல் போய்விட்டது.

அதைவிடச் சுவாரசியமானது ஆகஸ்ட் 15. மாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாள். நெல்லித்தோப்புக் கோயிலுக்கு அதுதான் பெரிய விழா. 1769இல் அதே நாளில் நெப்போலியன் பிறந்துவிட்டார். பேரரசர் ஆனபிறகு அவருக்குத் தன் பெயரில் ஒரு புனிதர் இல்லையே என்று குறை. பட்டியலைத் துழாவி நெயோபோலிஸ் என்று ஒரு பழைய வேதசாட்சியைக் கண்டுபிடித்து, அவர்தான் அர்ச். நெப்போலியன் என்று சொல்லி, 1806இல் ஆகஸ்ட் 15ஐ அவருக்குத் திருநாளாக்கினார்கள். மாதா திருநாளின் மேலேயே துண்டு போட்டு இடம்பிடித்த கதை. அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் இந்தப் புதுப் புனிதர் இங்கே கடல் தாண்டி வரவில்லை. 1816இல் ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரரிடம் வந்தபோது நெப்போலியன் செயின்ட் எலீனாத் தீவில் கைதி. பிறகு 3ஆம் நெப்போலியன் வந்து 1852இல் ஆகஸ்ட் 15ஐ மறுபடி தேசியத் திருநாளாக்கினார். கடற்கரையோரம் இருக்கிற கப்ஸ் கோயில், அதாவது சம்மனசுகளின் இராக்கினி கோயில், 1855இல் எழுந்தது அந்த ஆட்சியில்தான். அவர் 1870இல் தோற்றார், அர்ச். நெப்போலியனும் கூடவே காணாமல் போனார். 1872இல் அதே தேதியில் கல்கத்தாவில் அரவிந்தர் பிறந்தார். 1947இல் அதே தேதியில் இந்தியா விடுதலை அடைந்தது, புதுச்சேரி மட்டும் பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் மாதா வருஷம் தவறாமல் நெல்லித்தோப்பில் தேரேறிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு ஆகஸ்ட் 15 காலையில் இங்கே கொடியேற்றம், அரவிந்தர் ஆசிரம வாசலில் தரிசன வரிசை, மாலையில் தேர். எதற்குப் போவது என்று தெரியாமல் போக்குவரத்துப் போலீஸ்காரர்தான் திண்டாடுவார்.

கப்ஸ் கோயிலுக்கு எதிரே ஜான் தார்க் சிலை நிற்கிறது. 1431இல் பதிதை என்று தீயில் சுட்ட பெண்ணை 1920இல் புனிதராக்கினார்கள். முதல் உலகப்போர் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பிரான்சு அதே வருஷம் சட்டம் போட்டு அவள் நாளைத் தேசபக்தித் திருநாளாகவும் ஆக்கிக்கொண்டது. போர் நின்ற நவம்பர் 11 மட்டும் தானாக விழுந்த நாள். அது பட்டாளத்துச் சிப்பாயாய் இருந்து ஆயரான அர்ச். மார்த்தீனாருக்குத் திருநாள். இன்றும் நவம்பர் 11 அன்று எங்கள் ஊர்ச் சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவருக்கு இங்கே சொல்தா என்றுதான் பெயர். அவர்கள் வீட்டுச் சுவரில் பிரான்சிலிருந்து வந்த நாள்காட்டி தொங்கும். தேதிக்கொரு புனிதர். நம் நாள்காட்டியில் ராகுகாலம் இருக்கிற இடத்தில் அங்கே புனிதர் பெயர்.

இன்னொரு தேதி. 1954 நவம்பர் 1. அன்று காலை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி கைமாறி மூவர்ணக்கொடி ஏறியது. அது சகல அர்ச்சயசிஷ்டர்கள் திருநாள். யாரும் நாள் பார்த்து வைத்ததாக நான் நினைக்கவில்லை. அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேர் வாக்களித்து 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்ற பிறகு, மாதத்தின் முதல் தேதி வசதியாக இருந்திருக்கும். என்னவோ, எங்கள் விடுதலை நாள் சகல புனிதர்களின் நாளாக அமைந்துவிட்டது. மறுநாள் கல்லறைத் திருநாள். அந்த வருஷமும் சனங்கள் வழக்கம்போல மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போயிருப்பார்கள். ஆட்சி மாறினாலும் செத்தவர்களுக்கு எண்ணெய் ஊற்றித்தானே ஆக வேண்டும்.

இனி எங்கள் பேட்டை. கடலூர் சாலையில் நகரத்தை விட்டு இறங்கினால் முதலியார்பேட்டை, அதைத் தாண்டினால் முருங்கப்பாக்கம், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் அரியாங்குப்பம் மாதா கோயில். நேர்ச்சைக்கு நடந்து போகிறவர்கள் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வன்னியப் பெருமாள் கோயில் உற்சவமும் இந்தப் பக்கம்தான். ஆனால் இந்தப் பேட்டைக்கு அன்றாட மணி அடித்தது எந்தக் கோயிலும் இல்லை, மில் சங்கு. 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு மில்லை எங்கள் வீடுகளில் யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. ரோடியர் மில். என் அப்பா அங்கே தறியில் நின்றவர்.

மில் ஊருக்கு ஒரு புனிதர் பொருத்தமாக வாய்த்தார். சூசையப்பர். பழைய வழக்கப்படி அவருக்கு மார்ச் 19, மார்ச் மாதம் முழுவதுமே அவருக்குத்தான். தமிழில் அவருக்கு ஏற்கெனவே ஒரு காப்பியம் உண்டு. 1726இல் வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணி, 36 படலம், 3615 பாட்டு. அது முதன்முதலில் அச்சேறியதே எங்கள் ஊரில்தான்: 1851 முதல் 1853 வரை மூன்று காண்டமாக மிஷன் அச்சுக்கூடம் வெளியிட்டது. ஒரு தச்சருக்கு உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய காப்பியம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் காப்பியத்துச் சூசையப்பர் அரச குலத்தவர், பூக்கோல் பிடித்தவர். தறிக்காரர் தேடிய சூசையப்பர் வேறு, உளி பிடித்தவர்.

1955 மே 1 அன்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் உரோமையில் தொழிலாளர் கூட்டத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்புச் செய்தார். இனி மே 1 தொழிலாளரான சூசையப்பரின் திருநாள். செங்கொடிக்காரர் கையில் இருந்த நாளை ஞானஸ்நானம் கொடுத்து எடுத்துக்கொள்ளும் யோசனை என்பதை யாரும் மறைக்கவில்லை. இத்தாலியில் அது எப்படிப் போனதோ, எங்கள் பேட்டையில் அது போட்டியாக ஆகவே இல்லை. இங்கே 1936 ஜூலை 30 என்றால் எல்லோருக்கும் தெரியும். சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டு 12 பேர் செத்த நாள். மறுவருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா பெயரைச் சொன்னால் என் அப்பா உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவார். அதே மனிதர் சூசையப்பர் படத்துக்கு முன் முழங்காலில் நிற்பார். மே 1 காலையில் சிவப்புத் துண்டோடு ஊர்வலம், மாலையில் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயில். "ரெண்டு பேரும் தொழிலாளிக்குத்தாண்டா பேசறாங்க, உனக்கு என்ன வந்துச்சு?" என்பார். பாப்பரசரின் யோசனையும் கட்சியின் எச்சரிக்கையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றாகப் படுத்துத் தூங்கின.

அம்மா பெயர் பிலோமினா. ஆகஸ்ட் 11இல் பிறந்ததால் வைத்த பெயர். 1802இல் ரோமாபுரிச் சுரங்கக் கல்லறை ஒன்றில் ஓர் இளம்பெண்ணின் எலும்பும் மூன்று ஓடும் கிடைத்தன. ஓட்டில் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்துப் பெயர் வைத்தார்கள். கனவு கண்டவர்கள் கதை சொன்னார்கள், புதுமைகள் நடந்தன, பக்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. மைசூரில் பேராலயம், தமிழ்நாடெங்கும் பிலோமினாக்கள். 1961இல் ரோமாபுரி அவள் திருநாளை நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. வரலாற்று ஆதாரம் போதவில்லையாம். சின்னச் சின்னப் புனிதர் பலருக்கு 1969இல் அதே கதி. தோமையார் திருநாள் டிசம்பர் 21இலிருந்து ஜூலை 3க்குப் போனது. நான் ஆதாரம், சான்று என்று பாடம் நடத்தியவன். அம்மாவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேலண்டர்ல அடிச்சா பரலோகத்துலயும் அடிச்சிடுவாங்களா? எத்தா சிவில்ல என் பேர் அப்படியேதானே இருக்கு" என்றாள். பிறப்புப் பதிவு அலுவலகத்தை அந்தப் பிரெஞ்சுப் பெயரால்தான் சொல்வாள். கடைசிவரை ஆகஸ்ட் 11 அன்று பாயசம் வைத்தாள்.

தேரைப் பற்றி எழுதாமல் விட்டால் ஊர்க்காரர் என்னை மன்னிக்க மாட்டார்கள். கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் பெரிய தேர் என்பது எல்லா இடத்துக்கும் பொது. எங்கள் பக்கம் தேர்ப்பவனியில் முதலில் மிக்கேல் சம்மனசு போவார், வாளோடு வழி விலக்குகிற வேலை அவருக்கு. பின்னால் செபஸ்தியாரோ அந்தோணியாரோ. கடைசியில் மாதா. சொரூபத்தை வெள்ளைத் துணியால் இடுப்பில் கட்டித் தேரோடு சேர்த்து முடிச்சுப்போடுவதற்கென்று ஒரு ஆள் உண்டு. அவர் முடிச்சை வேறு யாரும் தொட மாட்டார்கள். தேருக்கு முன்னால் நீண்ட மூங்கில் கழியோடு ஒருவர் நடப்பார். கழியின் நுனியில் கவை. தெருக் குறுக்கே தொங்குகிற கரண்ட் கம்பியையும் கேபிள் கம்பியையும் அந்தக் கவையால் தூக்கிப் பிடிப்பார். மாதாவின் கிரீடம் தப்பி வெளியே வந்ததும் கம்பியை மெல்ல இறக்கிவிட்டு அடுத்த கம்பிக்கு ஓடுவார். தேருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர், அதன் சத்தத்தில் செபமாலை கேட்காது. வீட்டு வாசலில் நிற்கிற பெண்கள் மிளகும் உப்பும் கலந்து தேர்மேல் வீசுவார்கள். நோய் தீர்ந்த நேர்ச்சை. அம்மனுக்கும் இதே உப்பு மிளகுதான். காலரா வந்து தெருத் தெருவாய்ச் செத்த காலத்தில் செபஸ்தியாருக்கும் மாரியம்மனுக்கும் ஒரே வீட்டிலிருந்து காணிக்கை போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தேர் நிலைக்கு வந்த பிறகு சாலையில் நடந்தால் செருப்புக்கடியில் உப்பு நறநறக்கும்.

தேர் எப்படிப் போகிறது என்பதைச் சொன்னேன். போகாத தெருவும் உண்டு. எங்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இறையூரில், செபமாலை மாதா பங்கில், தலித் கிறித்தவர்கள் கோயிலிலும் சவ ஊர்வலத்திலும் காட்டப்படும் பாகுபாட்டை எதிர்த்துத் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சம்பா கோயில் சுவர் இடிந்து 263 வருஷம் கழித்து. செங்கல் சுவரை ஒரே நாளில் இடித்துவிட்டார்கள். ஆயர்கள் அறிக்கை விடுகிறார்கள், சாமியார்கள் பிரசங்கம் வைக்கிறார்கள், எல்லாம் சரி. தேர் வழியை மாற்றுகிற தைரியம் வராமல் எந்தப் பிரசங்கத்தையும் நான் நம்புவதாக இல்லை.

ரோடியர் மில் இப்போது இல்லை. நட்டம், நிறுத்தம், பாதிச் சம்பளம் என்று இழுத்து, 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு அரசாங்கம் அதை மூடியது. மறுநாள் தொழிலாளரான சூசையப்பர் திருநாள். கொரோனா ஊரடங்கில் ஊர்வலமும் இல்லை, தேரும் இல்லை.

என்னிடம் பழைய திருவிழா நோட்டீசுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. மஞ்சள், ரோஸ், பச்சை என்று மலிவுக் காகிதத்தில் அடித்தவை. வரலாற்று ஆராய்ச்சிக்காரர் யாரும் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நான் கேட்கிற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே உபயதாரர் பெயர் அச்சாகியிருக்கும். பழைய நோட்டீசுகளில் "மில் தொழிலாளர்கள்" என்று ஒரு நாள் தவறாமல் வரும். பிறகு ஆட்டோ ஓட்டுநர்கள் வருகிறார்கள், அன்பியங்கள் என்கிற பங்கு வட்டாரக் குழுக்கள் வருகின்றன, "பிரான்சு வாழ் குடும்பத்தார்" வருகிறார்கள். பெரிய தேர் உபயம் மெல்ல மெல்லக் கடைசியாகச் சொன்னவர்கள் பக்கம் நகர்வது காகிதத்திலேயே தெரியும். மில் தொழிலாளர்கள் நாள் ஒரு வருஷம் சத்தமில்லாமல் இல்லாமல் போகிறது. எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல வேண்டுமானால் நடுவில் விட்டுப்போன நோட்டீசுகள் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முதலியார்பேட்டையிலோ உப்பளத்திலோ நெல்லித்தோப்பிலோ உங்கள் வீட்டுப் பரணில், பைபிளுக்குள், பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய திருவிழா நோட்டீஸ் இருந்தால் பொட்டலம் மடிக்கவோ குப்பையில் போடவோ வேண்டாம். பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு நகல் எடுத்து உங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள், எந்த வருஷத்தது என்று பென்சிலால் குறித்துக் கொடுங்கள். கம்பி தூக்குகிறவர், முடிச்சுப்போடுகிறவர், பேண்டு வாசிக்கிறவர் இவர்கள் பெயர் எந்த நோட்டீசிலும் இருக்காது. தெரிந்தவர்கள் அதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.